எஸ் வளைவில் மூன்று மில்லிமீட்டர்

மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊர் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர். வண்டியின் அமைப்பில் தன் இஷ்டத்துக்குக் கை வைக்கக்கூடாது என்று எத்தனையோ பேருக்குச் சட்டம் சொல்லி, சான்று தராமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆகவே, என் சொந்த பைக்கின் சிலிண்டரை அரத்தால் ராவச் சொல்லி என் கையாலேயே எழுதிக் கொடுத்தவன் நான்தான் என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பைக் பழையது. இரண்டு ஸ்ட்ரோக். பதிவை இரண்டு முறை புதுப்பித்துவிட்டேன். அதை விடாமல் வைத்திருந்ததற்குப் பழம்பொருள் மோகம் எதுவும் காரணமில்லை. என் மனைவிக்குக் காரில் ஏறினால் குமட்டும். பஸ் என்றால் செங்கோட்டை தாண்டுவதற்குள் வாந்தி. காற்று முகத்தில் அடித்தால் மட்டும் ஒன்றும் செய்யாது. ஸ்கூட்டரில் உட்காரவைத்துப் பார்த்தோம். முழங்காலை மடக்க வேண்டியிருந்தது, அவளால் முடியவில்லை. இந்த பைக்கில் ஒருபக்கமாக உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு ஊன்ற, தாழ்வாக ஓர் அகலப் பலகை உண்டு. இப்போது வரும் வண்டிகளில் அப்படிக் கிடையாது.

அந்த முழங்கால்களுக்காகத்தான் போன சாரல் காலத்தில், கேரளாவில் ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியசாலையில் எண்ணெய்ச் சிகிச்சை ஆரம்பித்தோம். இருபத்தொரு நாள். ஞாயிறு விடுமுறை. மற்றபடி ஒரு நாள் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். தென்காசியிலிருந்து தினமும் காலையில் கிளம்பி, புளியறை சோதனைச்சாவடி கடந்து, மலைப்பாதையின் எஸ் வளைவு ஏறிப் போய் வந்தோம். முதல் ஆறு நாளும் பைக் அந்த வளைவில் முனகியது. இரண்டாம் கியரில் உருண்டு, முதல் கியருக்கு இறங்கி, எப்படியோ ஏறிவிடும். முனகினாலும் ஏறியது என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

இலத்தூர் போகும் சாலையில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். பந்தய வண்டிகளும் அவரிடம் வரும். சனிக்கிழமை மத்தியானம் அவரிடம் போனேன். இந்த மாதிரி என்ஜினில் பெட்ரோலும் காற்றும் சிலிண்டர் சுவரில் உள்ள ஒரு துளை வழியாக உள்ளே வரும். மேலும் கீழும் போகிற பிஸ்டன்தான் அதற்குக் கதவு. துளையின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் கீழே இறக்கினால் கதவு அதிக நேரம் திறந்திருக்கும், அதிகம் உள்ளே போகும், பவர் கூடும். இதைப் படம் போட்டு விளக்கினேன். அவர் பீடியை அணைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தார்.

“சார், கேரளா ஏத்தத்துக்கு வேண்டியது இழுவை. நீங்க கேக்கது பவரு. ரெண்டும் வேற வேறல்லா.”

“பவர் கூடினா இழுவை கூடாதா?”

“கூடும். எங்கன கூடும்னு பாக்கணும்லா. என்ஜின் பறக்கையில கூடும். நீங்க லாரிக்குப் பின்னால உருட்டிக்கிட்டுல்லா போறிய? அப்பம் கதவு தொறந்தே கெடந்தா, உள்ள வந்தது வந்த வழியே வெளிய போயிரும்.”

நான்கு வருடப் பொறியியல் படிப்பும் முப்பது வருட அரசாங்க முத்திரையும் எனக்குள் ஒன்றாக எழுந்து நின்றன. மூன்று மில்லிமீட்டர் ஒன்றும் செய்யாது என்றேன். அதோடு விட்டேனா? முறைப்படி நடக்க வேண்டும் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒன்று: பிஸ்டனின் அடிவிளிம்பில் மூன்று மில்லிமீட்டர் வெட்ட வேண்டியது. இரண்டு: சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டியது. மூன்று: திருப்தியாக இருப்பின், அதே அளவு சிலிண்டர் துளையின் அடியில் ராவி, பிஸ்டனைப் புதிதாக மாற்ற வேண்டியது. கீழே கையெழுத்து, தேதி.

இதில் பிழை கிடையாது. பிஸ்டன் கடையில் கிடைக்கும், கெட்டால் மாற்றலாம். அந்தச் சிலிண்டர் செய்வதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. அதனால்தான் முதலில் பிஸ்டனில் வெட்டிச் சோதிப்பது. சோதிக்க வேண்டியவன் நான். நான் ஞாயிற்றுக்கிழமை சிவகிரியில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். நாதஸ்வரச் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. சாயங்காலம் வந்து பார்த்தபோது சிலிண்டர் பூட்டி, வண்டி துடைத்து, தயாராக நின்றது.

“மூணாவதையும் முடிச்சிட்டீங்களா?”

“ரெண்டு மட்டம் போன் அடிச்சேன், நீங்க எடுக்கல. நானே இலத்தூர் வரைக்கும் ஓட்டிப் பாத்தேன். பறக்கு சார்! திருப்தின்னா இது திருப்தி. அதான் ராவிட்டேன்.”

“புது பிஸ்டன்?”

“ஞாயித்துக்கெழம எவன் கடையத் தொறந்து வச்சிருக்கான்? நாளைக்கு வாங்கிப் போட்டுக்கிடலாம்.”

“நீங்கதானய்யா இது வேண்டாம்னு சொன்னது?”

“சொன்னேன். பொறவு நீங்க எழுதிக் குடுத்துட்டியள்லா. கையெழுத்தெல்லாம் போட்டிருந்துச்சு.”

தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். இன்னும் வாங்காத பிஸ்டனையும் சேர்த்து, மூன்று வரிகளுக்கும் பக்கத்தில் பேனாவால் டிக் அடித்திருந்தார். என் அலுவலகத்தில் யாரும் என் குறிப்பை இவ்வளவு ஒழுங்காக நிறைவேற்றியதில்லை.

திங்கட்கிழமை போகாமல் இருக்க முடியாது. செங்கோட்டை வரை பைக் உண்மையிலேயே பறந்தது. என் தோளில் இருந்த மனைவியின் கை இறுகியது. “மெதுவா போங்க” என்றாள். மெதுவாகப் போகத்தான் அதற்குத் தெரியவில்லை. புளியறையில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. எஸ் வளைவின் முதல் திருப்பத்தில் எம்சாண்ட் ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் வேகம் குறைந்ததும் கார்புரேட்டர் பெட்ரோலை வெளியே துப்ப ஆரம்பித்தது. என் கால்சட்டை நனைந்தது. இரண்டு குலுக்கு, அணைந்துவிட்டது. உதைத்தேன், பிடித்தது. கிளட்ச்சை விட்டேன், அணைந்தது. பின்னால் நின்ற பஸ் விடாமல் ஹாரன் அடித்தது.

அவள் இறங்கினாள். “நான் நடந்துக்கிடுதேன். நீங்க மேல போய் நில்லுங்க.”

“இந்தக் காலோடயா?”

“ஒங்க வண்டிக்கு ஓடத்தான் தெரியுது, நடக்கத் தெரியல. எனக்காவது நடக்கத் தெரியுதே.”

என்ஜினை அலறவிட்டு, லாரியைத் தாண்டி, ஒரே மூச்சில் மேலே ஏறி நின்றேன். பின்னால் ஆளில்லாமல் பிரமாதமாக ஏறியது. கீழே பார்த்தால், பாறையை ஒட்டி, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி, ஒவ்வொரு அடியாக அவள் வந்துகொண்டிருந்தாள். சாரல் வேறு. போய்க் கைகொடுக்கலாமென்றால் வண்டியைச் சாய்வில் நிறுத்த முடியவில்லை. குடையையும் நான்தான் வைத்திருந்தேன்.

வைத்தியர் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். வீங்கியிருந்தது. “ஏற்றம் கேறக்கூடாதுன்னு பறஞ்சேனல்லோ?” என்றார், என்னைப் பார்த்து.

செவ்வாயும் அப்படியே போய் வந்தோம். அன்று மத்தியானம் புது பிஸ்டன் கிடைத்தது. மாட்டினோம். அதுவரை பிஸ்டனில் மூன்று, சிலிண்டரில் மூன்று என்று இரண்டும் சேர்ந்து படுத்தின. அந்த இரட்டிப்புத்தான் தவறு, இனி சரியாகிவிடும் என்று நம்பினேன். புதன்கிழமை துப்புவது பாதியாகக் குறைந்தது. வளைவில் அணைவது குறையவில்லை. இப்போது வண்டியில் இருந்தது மெக்கானிக்கின் அவசரமல்ல, நான் எழுதிய அளவு, ஒரு இழை கூடாமல் குறையாமல். குற்றம் சொல்ல வேறு ஆளில்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. பின்சக்கரத்துப் பல்சக்கரத்தை இரண்டு பல் பெரிதாக்கினோம். சமதளத்தில் கொஞ்சம் தேறியது. கிளட்ச்சைப் பாதி பிடித்து ஏற்றிப் பார்த்தேன். தகடு கருகி நாறியது. துளையின் அடியைப் பிசின் வைத்து மூடலாமா என்று கேட்டேன். மெக்கானிக் என்னை முதல் முறையாகக் கோபத்தோடு பார்த்தார்.

“அது பேந்து உள்ள விழுந்தா இறக்கத்துல என்ஜின் கடிச்சிரும், பின்சக்கரம் நின்னுபோவும். பின்னால அக்கா இருப்பாகள்லா? இனி நீங்க எழுதிக் குடுத்தாலும் செய்யமாட்டேன்.”

சிலிண்டருக்கு மதுரை வரை கேட்டுப் பார்த்தார். கிடைத்தவை எல்லாம் என்னைப் போல் யாரோ ஒரு படித்தவர் ஏற்கெனவே ராவியவை. ராவி எடுத்த இரும்பைத் திரும்ப வைக்கும் நடைமுறை எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் தேடாத புத்தகமும் இல்லை.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது மனைவி சொன்னாள், “நாளைக்கு நான் பஸ்ல போறேன். இன்னும் பத்து நாளுதான்.”

“வாந்தி வருமே.”

“வந்தா எடுத்துக்கிடுதேன். வாந்தி எடுத்தா முட்டு வீங்காதுல்லா?”

கூட வருகிறேன் என்றேன். வேண்டாம், அந்தக் கூட்டத்தில் என்னையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள அவளால் முடியாதாம்.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை அவளை ஜன்னல் ஓரமாக உட்காரவைத்து, எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பையும் கையில் கொடுத்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸின் பின்னாலேயே போனேன். போக நினைத்தேன் என்று சொல்வதே சரி. ஏற்றத்தில் பஸ் போகிற மெதுவான வேகத்துக்கு என் பைக் ஓடாது. புளியறை தாண்டியதும் துப்ப ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் என்ஜினை அலறவிட்டு பஸ்ஸை முந்தி, அடுத்த வளைவில் போய் நின்றேன். பஸ் வந்து என்னைக் கடந்தது. மறுபடி முந்தினேன், மறுபடி நின்றேன்.

மூன்றாவது முறை கடந்தபோது அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருந்தாள். என்னைப் பார்க்கத்தான் என்று கையைத் தூக்கினேன். வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டுவது தெரிந்தது. பஸ் திருப்பத்தில் மறைந்தது. தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு, கிக்கரை உதைத்தேன்.