கையுறைக்காரர் கட்சி

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் குறைந்தது ஆறு பேராவது கழுத்தறுபட்டுச் சாவார்கள். டிவியில்தான். ஆனால் அலறல் தெருமுனை வரை கேட்கும். புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டுக்காரி ஒருமுறை பதறியடித்துக்கொண்டு ஓடிவந்து, "உங்க வீட்டுக்காரர் உங்கள அடிக்கிறாரா?" என்று கேட்டுவிட்டாள். "அவருக்கு ஏது நேரம்? இத்தாலிக்காரிங்களக் கொல்றதுக்கே பொழுது சரியா இருக்கு" என்றேன்.

என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஜன்னலுக்கும் மேசைக்கும் அளவெடுத்து அறுத்துக் கொடுப்பது தொழில். இரண்டு கையிலும் வெட்டுத் தழும்பு இல்லாத இடமே கிடையாது. மூக்கு நுனியில் கோபம். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் தட்டு பறக்கும். அதே மனுஷன், ரோட்டில் நாய் அடிபட்டுக் கிடந்தால் சட்டையெல்லாம் ரத்தமாகத் தூக்கிக்கொண்டு ஓடுவார். கல்யாணமான புதிதில், வீடியோ கடையை மூடிவிட்டு ஊருக்குப் போன ஒருவர் பெட்டி நிறைய இத்தாலியப் பேய்ப்படங்களை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்தது சனி.

அதற்குக் கூட்டாளி என் கூடப்பிறந்த தம்பி. கடையிலும் அவரோடுதான் வேலை. அந்த டைரக்டர்களின் பெயர் இருவர் வாயிலும் நுழையாது. அதனால் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். கறுப்புக் கையுறை மாட்டிய கொலைகாரனைச் சவரக்கத்தியோடு அலையவிடுகிறவர் கையுறைக்காரர். அவர் என் வீட்டுக்காரரின் ஆள். செத்தவர்களை எழுப்பி, சுவரிலிருந்து புழுவாகக் கொட்ட வைக்கிறவர் புழுக்காரர். அவர் தம்பியின் ஆள். அந்த டைரக்டர்கள் இரண்டு பேரும் ஏதோ சொந்தச் சித்தப்பாக்கள் மாதிரி இதுகள் அடித்துக்கொள்ளும்.

எல்லாச் சண்டையும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டும். புழுக்காரர் படம் ஒன்றில் ஒரு பெண் பூட்டிய கதவோரம் நிற்பாள். பிணம் ஒன்று மெதுவாக, ஆடி அசைந்து வரும். அவள் ஓடமாட்டாள். அது அவள் முகத்தைப் பிய்க்கிறவரைக்கும் நின்றுகொண்டே இருப்பாள்.

"சாவி கையிலேயே இருக்கு! திறந்துட்டு ஓட வேண்டியதுதானே?" என்று என் வீட்டுக்காரர் குதிப்பார். "எங்க ஆளு படத்துல பாரு, கத்தி கழுத்துல இறங்கினப்புறமும் கடிக்கிறா, உதைக்கிறா. அவ பொம்பள!"

"பயம் முத்திப்போச்சுன்னா கை கால் ஓடாது மாமா. எங்க ஆளுக்கு அது தெரியும்" என்பான் தம்பி.

"மண்ணாங்கட்டி தெரியும்!"

ஒரு திங்கட்கிழமை கடையைத் திறந்ததிலிருந்தே முந்தின நாள் சண்டை தொடர்ந்தது. கடைசியில் இவர் தொண்டை கிழியக் கத்தினார். "இன்னொரு தடவை அந்தப் புழு பேச்ச எடுத்தே, நானே உன் கழுத்த அறுத்துருவேன்!" வேலையாட்கள் எல்லோரும் கேட்டார்கள். கடையில் கூடமாட இருந்து கண்ணாடி விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்த நானும் கேட்டேன். தினம் கேட்கிற வசனம்தானே, யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

மத்தியானம் பின்னால் இருக்கிற கண்ணாடி ஒன்று தேவைப்பட்டது. பெரிய கண்ணாடிகளைத் தாங்கியில் சாய்த்து நிறுத்தியிருப்போம். முன்னால் இருப்பவற்றை ஒருவர் தோளில் தாங்கிக்கொள்ள வேண்டும். அவை அளவுக்கு மீறிச் சாயாமல், சுற்றிக் கட்டிய கயிற்றை இன்னொருவர் இழுத்துப் பிடிக்க வேண்டும். தாங்கியது தம்பி. கயிறு பிடித்தது என் வீட்டுக்காரர்.

தம்பியின் கால் வழுக்கியது. "மாமா, கயிறு!" என்றான். அவர் இழுக்கவில்லை. கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கண்ணாடி மொத்தமும் அவன்மேல் விழுந்து வெடித்தது.

பேய்ப்படம் என்றாலே கண்ணை மூடிக்கொள்கிற நான்தான் ஓடினேன். துண்டுகளை வெறுங்கையால் பிடுங்கி எறிந்தேன். முழங்கைக்குக் கீழே சதை பிளந்து வெள்ளை எலும்பு தெரிந்தது. ரத்தம் என் வாயில் பீச்சியடித்தது. துப்பட்டாவை அவிழ்த்து, பல்லால் இழுத்து இறுக்கிக் கட்டினேன். "வண்டிய எடுங்க!" என்று அலறினேன். அப்போதும் அவர் நின்றுகொண்டுதான் இருந்தார்.

உயிர் தங்கியது. கை தங்கவில்லை. முழங்கையோடு எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி பெண்டாட்டி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, பளார் பளாரென்று அறைந்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. "காலையில கழுத்த அறுப்பேன்னே! மத்தியானம் கயித்த வச்சிக்கிட்டு வேடிக்கை பாத்தியா? உன்னப் போயி அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டேனே!" கடையாட்கள் ஒருவரும் விலக்கிவிடவில்லை. அவர்கள் மனதிலும் அதுதான் ஓடியது. பொய் சொல்வானேன், எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. இவரோடுதானே நான் காலம் தள்ள வேண்டும்?

அவள் போனதும் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டார். என்னிடம், "நான் வேணும்னேதான் நின்னேனா? எனக்கே தெரியலையேடி" என்றார்.

மறுநாள் தம்பி கண்ணைத் திறந்ததும் "மாமா எங்க?" என்றுதான் கேட்டான். இவர் வரமாட்டேன் என்றார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அவன் பெண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றாள்.

"ஆளாளுக்கு என்னென்னமோ சொல்றாங்களாமே" என்றான் தம்பி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கண்ணாடி விழும்போது நான் உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்தச் சாவிக்காரி மூஞ்சி மாமா. அப்படியே அதே மூஞ்சி. எத்தனை வருஷமாத் தலைப்பாடா அடிச்சிக்கிறேன், கை கால் ஓடாதுன்னு. இப்பவாச்சும் ஒத்துக்கிறீங்களா?"

அவர் கட்டிலில் தலையை முட்டிக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். "ஒத்துக்கிறேண்டா. உன் ஆளுதான் பெரிய டைரக்டர்."

"சத்தமா சொல்லுங்க. வாசல்ல நிக்கிற உங்க தங்கச்சி காதுல விழணும்."

"உன் ஆளுதாண்டா பெரிய டைரக்டர்! எங்க ஆளு ஒண்ணுமே இல்லடா!" வார்டே அதிரும்படி கத்தினார். கத்திக்கொண்டே இருந்தார். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

வாசலில் நின்றவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"போதும்ணே" என்றாள். "பக்கத்துக் கட்டில்காரங்க பயப்படுறாங்க."