காக்காய்க்குப் போன மஞ்சள் கரு

என் மகளுக்கு ஒன்றேகால் வயதானபோது, இரண்டு மாதமாக அவள் எடை ஏறவில்லை. அங்கன்வாடி அட்டையில் டீச்சர் வைக்கும் புள்ளிகள் பச்சைப் பட்டையிலிருந்து மஞ்சளை நோக்கிச் சரிந்துகொண்டிருந்தன.

"தினம் ஒரு முட்டை குடும்மா" என்றார் டீச்சர்.

"தினமும் குடுக்கறேன் டீச்சர்."

நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கர்ப்பமாகி ஏழாம் மாதம் வரை ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனையில் வேலை பார்த்தவள் நான். உதிரி பாகத்தை டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். கீறலோ புள்ளியோ நிறம் மாறிய இடமோ தெரிந்தால் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட வேண்டும். சந்தேகம் வந்தாலே ரிஜெக்ட். வேலையை விட்டு வந்த பிறகும் கண் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

முட்டையில் கிருமி மிஞ்சிவிடுமோ என்ற பயத்தில் அரை மணி நேரம் கொதிக்க விடுவேன். இரண்டாக வெட்டினால் மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பல் கலந்த பச்சை வளையம் இருக்கும். பார்த்த உடனே ரிஜெக்ட். வெள்ளையை மட்டும் மசித்து ஊட்டிவிட்டு, மஞ்சளைச் சுற்றுச்சுவர் மேல் காக்காய்க்கு வைத்துவிடுவேன். கடையை மாற்றிப் பார்த்தேன். கணவரை உத்தனப்பள்ளி வரை பைக்கில் அனுப்பி நாட்டுக்கோழி முட்டை வாங்கிவரச் சொன்னேன். அதிலும் அதே வளையம். இந்தக் காலத்துத் தீவனமே சரியில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

ஒருநாள் பதினொரு மணிவாக்கில், எடை ஏறாத பிள்ளைகளின் வீடுகளைப் பார்க்கக் கிளம்பிய டீச்சர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். அவருக்கு வீட்டுமொழி கன்னடம். ஏன் என்பதை மட்டும் தமிழில் கேட்கவே மாட்டார், கன்னடத்து 'யாக்க'தான். நான் அப்போது மகளுக்கு முட்டை ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"யாக்கம்மா, இது யாருக்கு?" என்று தட்டின் ஓரத்தில் ஒதுக்கியிருந்த மஞ்சள் கருவைக் காட்டினார்.

"காக்காய்க்கு டீச்சர். கெட்டுப்போச்சு, பச்சையா இருக்கு பாருங்க."

அவர் மஞ்சளை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நிதானமாக மென்று விழுங்கினார்.

"உப்புதான் இல்ல. ரொம்ப நேரம் வேகவெச்சா அப்படித்தான் பச்சையாகும். தினமும் காக்காய்க்கா?"

"தினமும்தான்."

"அப்ப நான் உங்க வீட்டுக் காக்காயைத்தான் எடை போட்டிருக்கணும்."

அவர் போன பிறகு, மகள் தூங்கிய நேரத்தில் உட்கார்ந்து செல்போனில் தேடிப் படித்தேன். வெள்ளைக் கருவில் கந்தகம் இருக்கிறதாம், மஞ்சளில் இரும்புச்சத்து. அதிகம் வெந்தால் இரண்டும் எல்லையில் சந்தித்து அந்தப் பச்சை உண்டாகிறது. உடம்புக்கு எந்தக் கெடுதலும் இல்லை. அப்படியென்றால் கோழியின் மேல் குற்றமில்லை. ஒவ்வொரு நாளும் என் பயமே அந்த வளையத்தைப் போட்டது, என் கண்ணே அதைத் தள்ளிவைத்தது.

வெள்ளையில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் புரதமும்தான். இரும்பு, வைட்டமின் ஏ, டி, மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கோலின் எல்லாம் மஞ்சளில் இருக்கின்றன. இதைப் படித்ததும் இதுவரை எத்தனை மஞ்சள் காக்காய்க்குப் போயிருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

மகள் எழுந்ததும் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் புகாத குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வேகவைக்காத முட்டை ஒன்றின் அகன்ற முனையில் செல்போன் டார்ச்சை வைத்தேன். முட்டை முழுவதும் செம்மஞ்சளாக எரிந்தது. உள்ளே நிழலாக மஞ்சள் கரு அசைந்தது. அகன்ற முனையில் ஒரு காற்றறை, குஞ்சு முதல் மூச்சு விடுவதற்காக. கல்போல் தெரிகிற ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள். வெளியிலிருந்து சூடும் காற்றும் போதும். இருபத்தொரு நாளில் கண், அலகு, இறகு எல்லாம் உள்ளே இருப்பதைக் கொண்டே உருவாகிவிடுகின்றன. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்பைக்கூட ஓடு தருகிறது. கடை முட்டையில் குஞ்சு பிறக்காது. ஆனாலும் கோழி ஒன்றையும் குறைத்து வைக்கவில்லை. பிறக்காத பிள்ளைக்கும் முழுச் சாப்பாடு.

மகள் அந்த வெளிச்சத்தைத் தொடக் கை நீட்டினாள். இத்தனை வருடம் எதையெல்லாமோ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். தப்புத் தேடாமல் பார்த்தது அன்றைக்குத்தான்.

முட்டையில் இல்லாத வைட்டமின் சி ஒன்றுதான். குஞ்சு தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்ளும். என் மகளால் முடியாது. சரி, ஆரஞ்சுச் சுளையை நான் கொடுத்துக்கொள்கிறேன். எனக்கும் ஒரு வேலை மிச்சம் இருந்தது.

நாட்டுக்கோழி முட்டையின் பழுப்பு ஓடு கோழியின் இனத்தைப் பொறுத்தது, சத்தில் பெரிய வித்தியாசமில்லை என்று கணவரிடம் சொன்னேன்.

"அப்ப நான் உத்தனப்பள்ளிக்குப் போனது?"

"காத்து வாங்கிட்டு வந்தீங்க."

மறுநாள் பன்னிரண்டு நிமிடத்தில் அடுப்பை அணைத்து முட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டேன். வெட்டினால் வளையம் இல்லை, விளிம்புவரை மஞ்சள். சரியாக வெந்திருக்குமா என்று மூன்று முறை அழுத்திப் பார்த்தேன். விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து ஊட்டினேன். மகள் முகத்தைச் சுளித்தாள், யோசித்தாள், பிறகு வாயைத் திறந்தாள்.

அடுத்த மாதம் புள்ளி கொஞ்சம் மேலே ஏறியது. மஞ்சள் கருவாலா, பல் முளைத்த தொந்தரவு அடங்கியதாலா என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டீச்சருக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. மகளை எடை மெஷினிலிருந்து தூக்கி என்னிடம் கொடுத்துக்கொண்டே கேட்டார்:

"யாக்கம்மா, காக்காய் இளைச்சிருக்குமே?"