உப்பு பார்க்கிற கை

அந்த முன்சீப் பங்களாவை என்னைக்கோ இடிச்சுத் தொலைச்சிருந்தா எனக்கு இந்த வயித்தெரிச்சல் வந்திருக்காது. நூத்தம்பது வருஷத்துக் கட்டடமாம், இடிக்கக் கூடாதாம். சின்ன காஞ்சிபுரத்துல வெள்ளைக்காரன் காலத்து முன்சீப் ஒருத்தர் குடியிருந்த வீடு. நான் அரை டவுசர் போட்டுக்கினு திரிஞ்ச காலத்துல அதுல வவ்வாலும் ஆடும்தான் குடியிருந்துச்சு. இப்ப வெள்ளை அடிச்சு, நடு முத்தத்துல அல்லித் தொட்டி வெச்சு, மார்கழி பொறந்ததுலேர்ந்து மாசி முடியற வரைக்கும் அதுல பிரெஞ்சு ஓட்டல் நடத்துறாங்க. வெயில் ஏறினா பூட்டிக்கினு பாண்டிச்சேரிக்குப் போயிடுவாங்க. வருஷத்துல மூணே மாசம். ஒரு மனுஷனைப் பேஜாராக்க அந்த மூணு மாசம் போதாதா?

என் பேரு தர்மன். ரங்கசாமி குளம் ஸ்டாண்டுல ஷேர் ஆட்டோ ஓட்டறேன், ஏனாத்தூர் ரூட்டு. காலேஜ் பசங்கதான் பாதி சவாரி. வீடும் ஏனாத்தூர்லதான். என் பொண்டாட்டி பேரு பெரியநாயகி, நான் நாயகின்னு கூப்பிடுவேன். கல்யாணமாகி இருபத்திரெண்டு வருஷம். நான் சொல்லப்போறது அவ கதைதான். ஆனா நடுவுல நான் வந்து வந்து நிப்பேன், பொறுத்துக்கங்க.

நாயகி குழம்பு வெச்சா வாயில வெச்சுப் பாக்க மாட்டா. சமைக்கிறவ நாக்குல படக் கூடாது, எச்சில்னு அவங்க அம்மா சொல்லிக் குடுத்ததாம். அதனால உப்பு பாக்குற வேலை என்னது. பதினோரு மணிக்குக் குழம்பு எறக்குற நேரத்துக்கு நான் எங்க இருந்தாலும் வீட்டுக்கு வந்துடணும். கரண்டியால ரெண்டு சொட்டு என் உள்ளங்கையில விடுவா. நான் நக்கிப் பாத்து "போதும்"பேன், இல்லைன்னா "ரெண்டு கல்லு போடு"ம்பேன். அதுக்கப்புறம்தான் அடுப்பை அணைப்பா. "குடிச்ச நாக்குக்கு உப்பு தெரியாது, வர்றதா இருந்தா சுத்தமா வா"ன்னு கல்யாணமான புதுசுலயே சொல்லிட்டா. சரிதான்னு நானும் பகல்ல அந்த சனியனைத் தொடறதை விட்டுட்டேன்.

ஸ்டாண்டுல சின்னப்பையன்னு ஒரு அண்ணன் இருக்காரு. வயசு அறுபத்தஞ்சு, பேருதான் சின்னப்பையன். பத்தே முக்காலுக்கு நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணா, "தோ, உப்பு ஆபீசரு கெளம்பிட்டாருபா, வழி உடுங்க"ம்பாரு. எல்லாரும் சிரிப்பானுங்க. சிரிக்கட்டுமே! எவன் பொண்டாட்டி எவனை நம்பி அடுப்பை எரிய விட்டுக்கினு காத்திருக்கா? எனக்கு உள்ளுக்குள்ள அவ்ளோ பெருமை.

இந்த மார்கழியில பங்களா ஓட்டல்ல பாத்திரம் தேய்க்க ஆள் கேட்டாங்க. எங்க பொண்ணு தீபிகா காலேஜ் சேர்ந்திருக்கா, வீட்டுல சும்மா குந்திக்கினு என்ன பண்ணப் போறேன்னு நாயகி கெளம்பிட்டா. நானே ஆட்டோவுல கூட்டிக்கினு போய் பின்வாசல்ல எறக்கி விட்டேன். என் தலையெழுத்து.

நாலாம் நாள் சாஸ் கிண்டற ஆளு வரலையாம். சாஸுன்னா ஒண்ணுமில்ல, வெண்ணெயில மைதாவை வறுத்துப் பாலை ஊத்திக் கிண்டறது. ஆனா கட்டி தட்டக் கூடாது. அங்க இருந்த பசங்க கிண்டினா கட்டி கட்டியா வந்து நின்னிருக்குது. நாயகி ஈரக் கையைத் தொடைச்சுக்கினு "இப்படி குடுங்கப்பா"ன்னு வாங்கிக் கிண்டியிருக்கா. கேழ்வரகுக் களி கிண்டின கை ஆச்சே, மாவு வாலாட்டுமா? ஒரு கட்டி இல்லை. மறுநாளே பாத்திரத்துக்கு வேற ஆளைப் போட்டு, இவளை அடுப்படியில நிறுத்திட்டான் அந்த ஜான்சன்.

ஜான்சன்தான் ஓட்டல் முதலாளி, பெரிய சமையக்காரனும் அவன்தான். பாண்டிச்சேரி ஆளு. இருபது வருஷம் பிரான்ஸ்ல சமைச்சவனாம். என் வயசுதான், ஆனா தொப்பை இல்ல. என் பொண்டாட்டியை "மதாம்"னு கூப்பிடறானாம். மதாம்! நான் "அடியே"ன்னு கூப்பிட்டுக்கினு இருந்தவளை ஒருத்தன் மதாம்ன்றான். அவளும் வீட்டுக்கு வந்தா, "ஜான்சன் சார் வெங்காயம் அரிஞ்சா கண்ணுல தண்ணியே வராது மாமா", "ஜான்சன் சாரு கோவமே பட மாட்டாரு மாமா". எனக்கு அப்படியே பத்திக்கினு வரும். கோவப்படாத ஆம்பளையை ஊர்ல யாராச்சும் பாத்திருக்கீங்களா?

இதைவிடப் பெரிய கஷ்டம் ஒண்ணு. பத்து மணிக்கு அவ அங்க இருக்கணும். அதனால விடியக்காலையிலயே குழம்பு வெச்சு மூடிட்டா. அந்நேரம் நான் மொத சவாரியில இருப்பேன். பதினோரு மணிக்கு வீட்டுக்குப் போனா பூட்டு தொங்கும். நானே தொறந்து, நானே போட்டுத் தின்னுட்டு வருவேன். சின்னப்பையன் அண்ணன், "இன்னாபா ஆபீசரே, ரிட்டயர் ஆயிட்டியா?"ன்னு கேட்டாரு. குழம்புல உப்பு சரியா இருந்துச்சு. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஒருநாள் சாயங்காலம் அவளை ஏத்திக்கினு வரப்ப மெதுவா கேட்டேன்.

"அங்க உப்பு யாரு பாக்கறது?"

"எதுக்கு?"

"சும்மாதான் கேக்கறேன். அந்த ஜான்சனா?"

"ஏன், அவரு பாத்தா என்னவாம்?"

"எதுல பாப்பான்? ஸ்பூன்லயா, கையிலயா?"

அவ்ளோதான். சிரிக்க ஆரம்பிச்சா பாருங்க, ரயில்வே கேட்டுலேர்ந்து வீடு வரைக்கும் சிரிச்சுக்கினே வந்தா. பதில் மட்டும் சொல்லலை. நான் அதை வெச்சு என்னென்னவோ நெனச்சுக்கினேன். அவன் உள்ளங்கை எப்படி இருக்கும்? சுத்தமா, மெத்துனு இருக்கும். என் கை மாதிரி கிரீஸ் ஏறிப்போய் இருக்காது. இவ கரண்டியைச் சாய்ப்பா, அவன் நக்கிட்டு "போதும் மதாம்"னு சொல்வான். வண்டி ஓட்டறப்பல்லாம் இதே படம்தான் கண்ணு முன்னாடி ஓடுச்சு. ரெண்டு தடவை ஸ்டாப்பிங்கைத் தாண்டிப் போய் பசங்க கிட்ட திட்டு வாங்கினேன்.

மாசி பாதி ஆச்சு. ஓட்டல் மூட ரெண்டு வாரம் இருக்கறப்ப நாயகி வாயெல்லாம் பல்லா வந்தா. "மாமா, நான் கிண்டின சாஸுல இதுவரைக்கும் ஒரு தட்டு கூடத் திரும்பி வரலை. கடைசி வரைக்கும் இப்படியே போச்சுன்னா அடுத்த வருஷம் சாஸ் அடுப்பு முழுசா என் பொறுப்புன்னு ஜான்சன் சார் சொல்லிட்டாரு. எனக்குக் கீழ ரெண்டு பேராம்!" அவ முகத்தை அப்படி நான் பாத்ததே இல்லை. தீபிகா பொறந்தப்ப கூட அவ்ளோ சந்தோஷம் இருந்துச்சான்னு தெரியலை. நான் "ம்"னேன்.

நல்லா கேட்டுக்கங்க, எனக்கு விஷயம் தெரியும். தெரிஞ்சுதான் பண்ணேன்.

நாலு நாள் கழிச்சு, டயருக்கு வெச்சிருந்த பணத்தை எடுத்துக்கினு, கல்யாணத்துக்குப் போற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கினு, மத்தியானம் பங்களாவுக்குப் போனேன். ரெண்டரை மாசமா பின்வாசல்ல எறக்கி விட்டவன் அன்னைக்கு முன்வாசல் வழியா நுழைஞ்சேன். ஆட்டோவை ரெண்டு தெரு தள்ளி நிறுத்திட்டேன். உள்ள முத்தத்தைச் சுத்தி மேசை. பட்டுப்புடவை வாங்க மெட்ராஸ்லேர்ந்து கார்ல வந்த குடும்பங்கள், நாலஞ்சு வெள்ளைக்காரங்க. முத்தத்துக்கு அந்தப் பக்கம் பெரிய கண்ணாடி போட்டு அடுப்படி. சமைக்கிறது எல்லாருக்கும் தெரியணுமாம். எனக்கு அதுதானே வேணும்? தூண் மறைவுல ஒரு மேசை பாத்துக் குந்தினேன்.

பரிமாற வந்த பொண்ணு சட்டையில ஏஞ்சல்னு பேரு குத்தியிருந்துச்சு. அவ நீட்டின அட்டையில எனக்கு ஒரு எழுத்து புரியலை. "வெள்ளை சாஸ் ஊத்தினது எதுவோ அதைக் கொண்டாம்மா"ன்னேன். கோழியாம், பச்சைப் பட்டாணியாம், மேல சாஸாம். அது வர்ற வரைக்கும் கண்ணாடியையே பாத்துக்கினு இருந்தேன். நாயகி தலையில வெள்ளைத் தொப்பி. ஜான்சன் பக்கத்துல வந்து நின்னான். இப்ப கையை நீட்டுவான், இப்ப நீட்டுவான்னு பாக்கறேன்.

அவன் நீட்டலை. நாயகி ஒரு டப்பாவுலேர்ந்து ஸ்பூனை எடுத்தா, சாஸைத் தொட்டா, அவ நாக்குலயே வெச்சுப் பாத்தா. அந்த ஸ்பூனைக் கழுவற தொட்டியில போட்டா. தலையாட்டினா. ஜான்சன் ருசி கூடப் பாக்காம தட்டுல ஊத்திக்கினு போயிட்டான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. அவன் கையில விட்டிருந்தா கூட சண்டை போட்டுட்டு ஆறியிருப்பேன். யார் கையும் வேணாம்னு அவளே பாத்துக்கறா! எனக்குன்னா எச்சில், ஆகாது. இங்க ஆகுது.

தட்டு வந்துச்சு. முள்ளுக்கரண்டியை ஒருமாதிரி பிடிச்சு ஒரு வாய் வெச்சேன். ஐயோ, என்ன சொல்றது! எங்க வீட்டு உப்பு. இன்னும் ஒரு கல்லு போடலாமேன்னு தோணறப்ப நான் "போதும்"பேனே, அதே அளவு. இருபத்திரெண்டு வருஷம் என் நாக்குலேர்ந்து அவ கத்துக்கின அளவு. அதைக் கார்ல வந்தவன், கப்பல்ல வந்தவன் எல்லாம் முள்ளால குத்தித் தின்னுக்கினு இருக்கான். எனக்குக் கண்ணே இருட்டிக்கினு வந்துச்சு.

"இந்தாம்மா, உப்பு கம்மியா இருக்குது. திருப்பி எடுத்துக்கினு போ"ன்னேன்.

ஏஞ்சல் முகம் மாறிப்போச்சு. எடுத்துக்கினு உள்ள போனா. கண்ணாடி வழியா எல்லாம் தெரியுது. அடுப்படியில எல்லாரும் அப்படியே நின்னுட்டாங்க. ஜான்சன் ஓரத்துல தொட்டு நாக்குல வெச்சான், நெத்தியைச் சுருக்கினான். நாயகி தொட்டு வெச்சா. மறுபடியும் வெச்சா. அவ முகம் சுருங்கிப்போச்சு. உள்ளங்கையைத் துணியில தொடைச்சுக்கினே இருந்தா. ஏஞ்சல் கிட்ட என்னமோ கேட்டா. ஏஞ்சல் தூண் பக்கம் கையைக் காட்டினா. நாயகி எட்டிப் பாத்தா. என்னைப் பாத்துட்டா.

சாஸ் சட்டியை ஒரு கையிலயும் கரண்டியை ஒரு கையிலயும் எடுத்துக்கினு முத்தத்தைத் தாண்டி நேரா வந்தா. ஜான்சன் "மதாம், மதாம்"னு பின்னாடியே ஓடி வந்தான். "கஸ்டமர் கிட்ட நான் பேசிக்கறேன் மதாம்."

"கஸ்டமர் இல்ல சார். எங்க வீட்டுக்காரரு." எல்லாரும் கரண்டியைக் கீழ வெச்சுட்டுத் திரும்பிப் பாத்தாங்க. நாயகி என்னைப் பாத்து, "கையை நீட்டு"ன்னா.

நீட்டினேன். ரெண்டு சொட்டு விட்டா. சுட்டுச்சு.

"பாத்துச் சொல்லு."

நக்கினேன். அவ கண்ணு என் வாயையே பாத்துக்கினு இருந்துச்சு. தினமும் பாக்கற மாதிரியேதான் பாத்தா.

"போதும்"னேன். "சரியா இருக்குது. மொதல்லயும் சரியாதான் இருந்துச்சு. நான்தான் வேணும்னே பொய் சொன்னேன்."

ஜான்சன் கிட்ட வந்தான். கத்துவான், கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுவான்னு நெனச்சேன். கோவமே பட மாட்டான்னு அவ சொன்னது நெசம்தான் போல, பாவி. "அப்ப இந்தத் தட்டு திரும்பி வந்ததா நான் எடுத்துக்கலை மதாம்"னான். என் பக்கம் திரும்பி, "அந்த நாக்கு நீங்கதானா சார்? எங்க வீட்டுக்காரர் நாக்குதான் எனக்கு அளவுன்னு மதாம் சாஸ் கிண்டின மொத நாளே சொன்னாங்க. நீங்க எப்ப வருவீங்கன்னு நானே கேட்டுக்கினு இருந்தேன்"னான். அதுக்கு அவன் என்னை அறைஞ்சிருக்கலாம்.

சாயங்காலம் நாயகி ஆட்டோவுல பின்சீட்டுல ஏறிக் குந்தினா. ரயில்வே கேட்டாண்ட வந்தோம். கேட் மூடியிருந்துச்சு, வண்டியை அணைச்சேன்.

"ஏதாச்சும் பேசு நாயகி. திட்டிடு."

"எனக்கு உப்பு தெரியாதுன்னா இத்தனை வருஷமா நெனச்சுக்கினு இருந்தே?"

"நீதான் வாயில வெக்க மாட்டியே."

"கொதிக்கிற வாசனையிலயே தெரியும். எங்கம்மா அதையும்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"அப்புறம் எதுக்கு என்னை தினமும் வரச் சொன்னே?"

"கல்யாணமான புதுசுல பதினோரு மணிக்கு நீ எங்க கெடப்பே? நெனச்சுப் பாரு."

நெனச்சுப் பாக்கத் தேவையே இல்லை. ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒயின் ஷாப்புல கெடப்பேன். வண்டிக் கண்ணாடியில அவ முகம் தெரியலை, திரும்பிப் பாக்கவும் எனக்குத் தெம்பு இல்லை.

"குடிச்ச நாக்குக்கு உப்பு தெரியாதுன்னேன், விட்டுட்டே. இருபத்திரெண்டு வருஷம் என் கிட்ட உப்புல ஒரு பொய் சொன்னதில்லை. இன்னைக்குக் குடிக்காமயே சொல்லிட்டியே மாமா" அப்படின்னா. ரயில் போச்சு, கேட்டைத் தூக்கினான், பின்னாடி வண்டிக்காரன் ஹாரன் அடிச்சான்.

இப்ப ஓட்டல் மூடி ஒரு மாசம் ஆச்சு. அடுத்த மார்கழிக்கு சாஸ் அடுப்பு அவளுக்குத்தான், உறுதியாயிடுச்சு. மறுபடியும் பதினோரு மணிக்குத்தான் குழம்பு எறக்கறா. சோறு போடறா, பேசறா, சண்டை இல்லை. ஜான்சன் மேல எனக்கு இப்ப ஒண்ணும் இல்லை, அவன் நல்ல மனுஷன். என் வயித்தெரிச்சல் எல்லாம் அவ அங்கேர்ந்து கொண்டாந்த ஒரு சின்ன ஸ்பூன் மேலதான். நான் பத்தே முக்காலுக்குக் கெளம்பி வந்து அடுப்படி வாசல்ல நிக்கறேன். அவ அந்த ஸ்பூனால தொட்டு, நாக்குல வெச்சுப் பாத்து, அடுப்பை அணைக்கறா. அப்புறம்தான் என்னைத் திரும்பிப் பாக்கறா. அதுக்குள்ள நான் கையை மடக்கிக்குவேன்.