துரை பங்களாக் காளையும் ஜெர்சி ஊசியும்

மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற தொழிலில், கன்று நன்றாகப் பிறந்தால் அது சாமி கொடுத்தது, கோணலாகப் பிறந்தால் நான் கொடுத்தது. ஊசிப் பெட்டியும் கையுமாக இன்னும் மலையேறிக்கொண்டிருக்கும் சக ஜீவன்களே, என் கதையையும் கேளுங்கள்.

கறுப்புக் கன்று

பூனாகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மாரியாயி அக்காவின் பசுவுக்கு ஜெர்சி ஊசி போட்டிருந்தேன். செவலைக் கன்று வரவேண்டிய இடத்தில் கன்னங்கரேலென்று ஒன்று நின்றது. குட்டைக் கால், அகன்ற மார்பு, மேடு தட்டிய உச்சந்தலை. கொம்பு முளைக்கும் இடத்தைத் தடவினேன், குருத்தே இல்லை. ஸ்காட்லாந்துக் குளிரில் இறைச்சிக்கென்றே வளர்த்தெடுத்த அங்கஸ் இனத்தின் அடையாளம் அத்தனையும் இருந்தது. அந்த ரத்தம் பாதி கலந்தாலே போதும், கறுப்பு வந்துவிடும், கொம்பு போய்விடும்.

அங்கஸ் ஊசி என் பெட்டியில் ஒருநாளும் இருந்ததில்லை. கறவைக்கு ஒரு கிடேரி கிடைக்கும் என்று காத்திருந்த அக்கா என்னை விடவில்லை: “டாக்டரய்யா, எங்க மாட்டுக்கு என்னத்தங்க போட்டு விட்டீங்க?”

அறுந்த கயிறு

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் அடுத்த லயத்து வீடுகளிலும் அப்படியே இரண்டு பிறந்தன. ஊசியை மாற்றிப் போடுகிறேன் என்று புகார் போய், அலுவலகம் எழுத்தில் விளக்கம் கேட்டது. சரியான பதில் இல்லாவிட்டால் வேலை போய்விடும். மாரியாயி அக்காவிடமே மறுபடி போய் நின்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: “ஊசி போட்ட அன்னைக்கே கயித்த அறுத்துக்கிட்டு மேல பழைய துரை பங்களாவுக்குப் போயிருச்சுங்க. ஆனா அங்கதான் காளையே இல்லீங்களே!”

பங்களாப் புல்வெளி

அடுத்த முறை ஊசிக்கு அழைத்த வீட்டில், நான் பெட்டியைத் திறக்கும் முன்பே பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பின்னாலேயே ஏறினேன். நடுப்பகல்தான், ஆனால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனிமூட்டம். ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரை கப்பலில் கொண்டுவந்த கறுப்பு மாடுகள் மேய்ந்த புல்வெளி அது.

பசு நடுவில் அசையாமல் நின்றது. வால் ஒருபக்கம் ஒதுங்கியிருந்தது, முதுகு வளைந்திருந்தது. மேலே காளையின் பாரம் இருந்தால்தான் பசு அப்படி நிற்கும். பசுவின் மேல் எதுவும் இல்லை. ஆனால் அதன் குளம்புகள் சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தன. என் பக்கத்தில் வந்து நின்ற பங்களா வாச்சர் யேசுதாஸ் சிலுவை போட்டுக்கொண்டார்: “கடைசிக் காளை செத்து வருசம் பன்னெண்டாச்சுங்க. இப்ப மாடு நிக்கிற எடத்துலதான் நான் குழி வெட்டுனேன்.”

ஊசியே போடாத அந்தப் பசுவும் ஒன்பது மாதம் கழித்துக் கொம்பில்லாத கறுப்புக் கன்றைத்தான் ஈன்றது.

அதற்கு முன்பே, ஊசியை மாற்றிப் போட்டது நான்தான் என்று அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து வேலை போனவன் என்று பெயர் வாங்கிக்கொண்டேன். செத்த காளைதான் தகப்பன் என்று எழுதியிருந்தால் புத்தி போனவன் என்ற பெயரும் சேர்ந்திருக்கும்.