பிளமெங்கோ பார்க்கப் போன ஞாயிறு

எனக்கு வாயைவிடக் கை வேகம். பள்ளிக்கூடத்தில் அதனால் உதை வாங்கியிருக்கிறேன். ஜேர்மனியில் ஒரு உணவகத்தில் அதனாலேயே வேலை போனது. ஆனால் அந்தக் கையால் நான் செய்த ஆகக் கேவலமான காரியம் இத்தாலியின் பலேர்மோவில், ஒரு நடன நிகழ்ச்சியின் நடுவில், என் ஐந்து வயது மகளுக்குச் செய்ததுதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகம் எங்கள் கைக்கு வந்த முதல் கோடை. என் மனைவி தன் அக்காவைக் கண்டு ஒன்பது வருசம். அக்கா பலேர்மோவில் ஒரு பணக்கார இத்தாலிய அம்மாவின், ஒரு சிஞ்ஞோராவின், வீட்டில் துப்புரவு வேலை செய்துகொண்டு, துறைமுகத்துக்குக் கிட்ட மூன்றாம் மாடியில் இரண்டு அறையில் இருந்தா. அத்தானுக்குக் கப்பலில் சமையல் வேலை, வீட்டுக்கு வருவது எப்போதாவதுதான். நாங்கள் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஜேர்மனியிலிருந்து ஒன்றரை நாள் ரயிலில் போய் இறங்கினோம். அக்காவும் தங்கையும் ரயில் மேடையில் கட்டிப்பிடித்துக் கத்திய கத்தலில், யாருக்கோ அடிபட்டுவிட்டதென்று ஒரு போலீஸ்காரன் ஓடிவந்தான்.

நாலாம் நாள் ஞாயிறு. அக்காவும் தங்கையும் மூன்று வயது மகனைத் தூக்கிக்கொண்டு தேவாலயப் பூசைக்குப் போனார்கள். மகளுக்கு வயிறு சரியில்லை, நான் அவளோடு வீட்டில் நின்றேன். பத்து மணிபோலத் தொலைபேசி அடித்தது. கொழும்பிலிருந்து மனைவியின் சித்தப்பா. ஒரே இரைச்சல், இரண்டு பேரும் கத்தித்தான் கதைக்க வேண்டியிருந்தது.

“மச்சானோ? செத்துப் போனானோ?” என்று கத்தினேன். “எப்ப?”

செத்தது என் மச்சான். அந்த இரண்டு பெண்களுக்கும் இருந்த ஒரே தம்பி. ஊரில் கடலேரியைப் படகில் கடக்கும்போது கடற்படை சுட்டிருக்கிறது. நெஞ்சில் இரண்டு, முகத்தில் ஒன்று. முகம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை, சட்டையை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டார்களாம் என்றார் சித்தப்பா. மூன்று நாளாகிவிட்டது, அடக்கமும் முடிந்துவிட்டது. “பக்குவமாச் சொல்லுங்கோ மகன்,” என்று சொல்லி அழுதார்.

திரும்பினால் மகள் நிற்கிறாள், கையில் பாதி கடித்த ஒரு துண்டுப் பாண்.

“மாமா செத்துப் போனாரோ அப்பா?”

அவள் தோளைப் பிடித்தேன். பலமாகத்தான் பிடித்தேன், பாண் கீழே விழுந்தது. “அம்மாவுக்குச் சொல்லக் கூடாது. பெரியம்மாவுக்கும் சொல்லக் கூடாது. சொன்னா அடிதான் விழும். விளங்குதோ?”

“ஓம்,” என்றாள்.

சாவுச் செய்தியைப் பொத்தி வைப்பது எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. தாய் செத்து ஒரு மாதம் கழித்து மகனுக்குச் சொன்ன குடும்பங்கள் எனக்குத் தெரியும். சாப்பிடட்டும், பிறகு சொல்லுவம். வேலையால் வரட்டும், பிறகு சொல்லுவம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த நாள் பின்னேரம் அத்தான் வருகிறார், அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லலாம் என்று. அதைப் பக்குவம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது வெறும் பயம். அந்த இரண்டு பேரின் அழுகைக்கு முன்னால் தனியாக நிற்க எனக்குத் துணிவில்லை. தொலைபேசி திரும்ப அடிக்கக் கூடாதென்று ரிசீவரைக் கொஞ்சம் சரித்து வைத்துவிட்டு, அவர்கள் வரும்போது சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தேன்.

அன்று பின்னேரம் பார்க்கவென்று சிஞ்ஞோரா எங்களுக்கு நான்கு டிக்கெட் கொடுத்திருந்தா. ஸ்பெயினிலிருந்து ஒரு கூட்டம் வந்து கால்சா என்ற பழைய பகுதியில் பிளமெங்கோ ஆடுகிறார்களாம். அக்காவுக்கு சிஞ்ஞோரா வீட்டில் விருந்து வேலை, வர முடியாது. என் மனைவிக்கும் அவ்வளவு விருப்பமில்லை. “சின்னதுகளைக் கொண்டுபோய் அங்கை என்ன செய்யிறது? வீட்டிலை இருப்பம்,” என்றாள். வீட்டில் இருந்தால் யாராவது ரிசீவரைச் சரியாக வைத்துவிடுவார்கள். “போவம், போவம், பிள்ளைகள் பார்க்கட்டும்,” என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். எங்கும் கூட்டிப் போகாத மனிசன் இன்றைக்கு இப்படிக் கேட்கிறானே என்று அவளுக்கு ஒரே சந்தோசம். அக்காவின் பச்சைச் சேலையை எடுத்துக் கட்டினாள். வழி முழுக்கச் சிரித்துக் கதைத்துக்கொண்டு வந்தாள். நான் மகளின் கையை விடவேயில்லை.

பழைய மாளிகை ஒன்றின் முற்றத்தில் பலகை மேடை போட்டு, பிளாஸ்டிக் கதிரைகளை நெருக்கி அடுக்கியிருந்தார்கள். வெயில் இன்னும் சுவரில் நின்றது. நடனம் என்றால் அழகாக ஆடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஆட வந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும், தடித்த கைகள், கறுப்பு உடுப்பு. ஒருவரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. குதிக்காலால் பலகையை அடிக்கத் தொடங்கினாள். அடி என்றால் அடி. பலகை இடுக்கிலிருந்து தூசு கிளம்பியது. அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் கைதட்டி அவளை விரட்டினார்கள். கதிரையில் இருந்து பாடியவன் கழுத்தறுபட்டவன்போலக் கத்தினான், நரம்பு விரல் மொத்தத்துக்குப் புடைத்தது. மகன் என் கக்கத்துக்குள் முகத்தைப் புதைத்துவிட்டான். மகள் மட்டும் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனம்மா அவ இப்பிடிக் கோவிக்கிறா?”

“அவவின்ரை ஆரோ செத்துப் போச்சினமாக்கும்,” என்று என் மனைவி பகிடியாகச் சொன்னாள்.

“மாமா செத்துப் போன மாதிரியோ?”

“எந்த மாமா? விசர்க் கதை...”

அவள் முகத்தில் அப்போதும் சிரிப்பு இருந்தது. நானும் சிரித்திருந்தால் அது குழந்தைக் கதையாகப் போயிருக்கும். ஒரு இனிப்பை எடுத்து மகளின் வாயில் வைத்திருந்தால்கூடப் போதும். நான் அறைந்தேன். நடுவில் இருந்த மனைவியின் மடிக்கு மேலால் கையை வீசி அறைந்தேன். மகள் கதிரையோடு சரிந்து விழுந்தாள். காலையிலிருந்து நான் பொத்தி வைத்திருந்ததை என் கையே சொல்லிவிட்டது.

என் மனைவி மகளைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தாள். பிறகு என்மேல் பாய்ந்தாள்.

ஏழு வருசக் குடித்தனத்தில் என்னை ஒரு சொல் சுடச் சொல்லாதவள். கைப்பையை ஓங்கி முகத்தில் அடித்தாள், அதன் பூட்டுப் பட்டு என் உதடு கிழிந்தது. நகத்தால் கன்னத்தைப் பிறாண்டினாள். தலைமயிரைப் பிடித்து இழுத்து இரண்டு கையாலும் குத்தினாள். “சொல்லடா! செத்திட்டானோ? சொல்லடா!” நான் ஓம் என்றேன். அதற்கும் அடித்தாள். சேலை அவிழ்ந்து கதிரைக் காலில் சிக்கியது. மகன் வீரிட்டான். மேடையில் அவர்கள் நிறுத்தவில்லை, அந்தக் குதிக்கால் சத்தத்தில் எங்கள் கூச்சல் நாலு வரிசைக்கு அப்பால் கேட்டிராது. பின்வரிசைப் பெண் ஒருத்தி ஓடிவந்து என் மனைவியை இடுப்போடு பிடித்தாள். அவளுடைய புருசன் என் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தி, “பம்பினா! பம்பினா!” என்று கத்தி வயிற்றில் ஒரு குத்து விட்டான். சின்னப் பிள்ளை என்று அர்த்தம். நான் அறைந்ததை அவன் பார்த்திருக்கிறான். மூச்சு அடைத்து நான் நிலத்தில் குந்திவிட்டேன். அவள் தம்பிக்காக அடித்தாள், இவன் மகளுக்காக அடித்தான். இரண்டுமே எனக்கு வரவேண்டிய அடிதான்.

வெளியே வந்து நடந்தோம். கொஞ்சத் தூரம் போனபிறகு மனைவி கேட்டாள்.

“உங்களுக்கு எப்ப தெரியும்?”

“காலமை.”

“காலமையிலை இருந்து நான் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். நீங்கள் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறியள்.”

அவள் கைப்பையால் அடித்ததைவிட அந்த இரண்டு வசனமும்தான் நொந்தது.

விருந்து வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்த அக்கா கதவைத் திறந்தா. தங்கையின் முகத்தைக் கண்டதும், “தம்பியோ?” என்று நெஞ்சில் ஓங்கி அடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் விழுந்தா. இரண்டு பேரும் தலையைச் சுவரில் மோதி மோதி அழுதார்கள். நான் நடுவில் புகுந்து பிடிக்கப் போனேன். என் கை பட்டதும் மனைவி உதறித் தள்ளினாள்.

விடிந்ததும் கோயில் சனங்கள் வரத் தொடங்கினார்கள். அழுது வீங்கிய கண்ணோடு, பெரியம்மாதான் பிள்ளைகளுக்கு முகம் கழுவிவிட்டா. குசினித் தொட்டியடியில் மகளின் தலைமயிரை ஒதுக்கியவ அப்படியே நின்றா. கன்னத்தில் நாலு விரலும் நீலமாகப் பதிந்திருந்தன.

“ஐயோ பிள்ளை! இது ஆர் அடிச்சது?”

மகள் பெரியம்மாவின் தோளுக்கு மேலால் எட்டி, வாசலில் நின்ற என்னைத் தேடிப் பிடித்துக் கேட்டாள்.

“இதைச் சொல்லலாமோ அப்பா?”