குங்குமம் வைத்த மோட்டார்

மோட்டார் ஓட்டத் தெரியாமல் மோட்டார் வாங்குகிறவர்கள் உண்டு. தெரியும் என்று நினைத்துக்கொண்டு வாங்குகிறவர்களும் உண்டு. ஊருக்கு அதிக ஆபத்து இரண்டாவது ஜாதியால்தான். நான் அந்த ஜாதி.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஓர் அக்ரகாரத் தெருவில் எங்கள் வீடு. சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாக்களுக்குக் கொஞ்சம் மேலே, அதிகாரிகளுக்கு நிறையக் கீழே எனக்கு ஒரு நாற்காலி இருந்தது. அந்த நாற்காலிக்கு நடந்து போவது அழகில்லை என்று எனக்கு நானே தீர்மானித்து, ஊரை விட்டுப் போன ஒரு வக்கீலிடமிருந்து துணிக்கூரை போட்ட பழைய மோட்டார் ஒன்றை வாங்கினேன். வெண்ணெய் நிறம். வாங்கிய பிறகுதான் அதை எங்கே நிறுத்துவது என்று யோசித்தேன். எங்கள் தெருவில் இரண்டு மாட்டுவண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். மிச்சம் இருந்த ஒரே இடம், கொல்லைப்புறச் சந்துப் பக்கம் வாசல் வைத்த மாட்டுத்தொழுவம். அதில் என் மனைவியின் பசு இருந்தது.

எங்கள் பசு என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அவள் பிறந்த வீட்டிலிருந்து கன்றுக்குட்டியாக அவளுடன் வந்தது. என் குரலுக்குக் காதைக்கூட அசைக்காது. ஷெட்டு கட்டும் வரைக்கும்தான் என்று சொல்லி அதைக் கரமனையில் இருந்த அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பி வைத்தேன். அவள் மறுநாள் காலையில் காபி டம்ளரை என் கையில் கொடுக்காமல் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள். ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஷெட்டும் கட்டவில்லை, சரியாகவும் இல்லை. மூன்று வருஷம் எனக்குக் காபி ஜன்னலில்தான் வந்தது.

மோட்டாரால் நான் அடைந்த பெருமை சில மாதங்களுக்குள் தீர்ந்துவிட்டது. யானை போய்வரும் கோட்டை வாசலில் என் வண்டி மட்டும் நுழைய முடியாமல் இடதுபக்கக் கதவைச் சுவரில் தேய்த்து ஒடுக்கிக்கொண்டது. அப்புறம் யுத்தம் வந்தது, பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது, வண்டி தொழுவத்திலேயே உட்கார்ந்துவிட்டது. பின்சீட்டில் எதிர்வீட்டுப் பூனை இரண்டு தடவை குட்டி போட்டது.

ஒருநாள் அவள் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டே அரிவாள்மணையைப் பார்த்துச் சொன்னாள்: "தங்கை ஆத்துக்காரருக்குக் கோட்டயத்துக்கு மாத்தலாயிடுத்து. மேடம் ஒண்ணாந்தேதிக்குள்ள பசுவை நாம அழைச்சுண்டு வரல்லைன்னா வித்துடப் போறாளாம்."

மேடம் என்றால் மலையாளத்துச் சித்திரை; அது பிறக்க மூன்று வாரம்கூட இல்லை. அன்றே மோட்டார் விற்பனைக்கு என்று நாலு பேரிடம் சொல்லி வைத்தேன். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் சாமான் கான்ட்ராக்ட் எடுத்திருந்த ஒரு திருநெல்வேலிக்காரர் கடிதம் போட்டார். பெட்ரோலுக்குப் பதிலாகக் கரி அடுப்பு பொருத்தி, கரிப்புகையில் ஓட்டிக்கொள்வாராம். மலையை விட்டு இறங்க நேரமில்லை, நல்லதாக ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பிடித்தால் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார்.

படம்தானே, என்னைவிடக் கெட்டிக்காரன் யார் என்று கிளம்பினேன். முன் சக்கரத்து மட்கார்டில் துரு தின்ற ஓட்டைகளைச் சுண்ணாம்பும் மெழுகும் குழைத்து அடைத்தேன். கோட்டைக்குள் கல்யாணப் படம் எடுத்துப் பேர் வாங்கிய ஒரு நாகர்கோவில்காரரை வரச் சொன்னேன். நாள் பார்த்து வெள்ளிக்கிழமை காலையில் வண்டியை வெளியே எடுத்தோம். வீட்டை விட்டுப் போகிற பொருள், சும்மா அனுப்பலாமா? குங்குமம் கொண்டுவரச் சொன்னேன். அவள் முன்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, "ஒண்ணு மதி" என்றாள்.

எனக்கு எப்போது ஒன்று போதுமாக இருந்திருக்கிறது? கிண்ணத்தை வாங்கி இரண்டு கதவுகளிலும் வரிசையாக வைத்தேன். மட்கார்டுகளில் வைத்தேன். விளக்குக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று. வெண்ணெய் நிறத்தின் மேல் சிவப்பு அவ்வளவு அழகாக இருந்தது. லட்சுமி கடாட்சம் வண்டியெங்கும் வழிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெட்ரோல் இல்லாததால் தெருக்காரர்கள் ஆறு பேர் குளக்கரை வரைக்கும் தள்ளிக்கொடுத்தார்கள். அங்கே போன பிறகுதான் வெயில் இடதுபக்கம் விழுகிறது என்று தெரிந்தது. ஒடுக்கு இருப்பதும் அதே பக்கம். வண்டியைத் திருப்பித் தள்ள யாருக்கும் மூச்சு மிச்சமில்லை.

"சாமி, அதுல நீங்க கொஞ்சம் சாஞ்சு நில்லுங்க. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் படக்காரர். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர் மறுபடியும் வெளியே வந்து, "பொண்ணு பாக்க அனுப்புற படம் மாதிரி எடுத்துத் தாறேன், பாத்துக்கிடுங்க" என்றார்.

தலைப்பாகையும் அல்பாகா கோட்டுமாக ஒடுக்கின் மேல் முதுகை ஒட்டவைத்து நின்றேன். படம் பிடிக்கும் கண்ணாடிப் பிளேட்டு ஒன்றே ஒன்றுதான் அவரிடம் இருந்தது. யுத்தகாலத்தில் அதுவே பெரிசு.

மூன்றாம் நாள் படம் வந்தது. நான் அம்சமாக விழுந்திருந்தேன். ஒடுக்கு தெரியவில்லை. சுண்ணாம்பு அடைத்த இடம் வழவழவென்று இருந்தது. ஆனால் வண்டி முழுக்கக் கன்னங்கரேலென்று ஓட்டைகள். சண்டையில் அகப்பட்டுத் திரும்பின வண்டி மாதிரி கதவெல்லாம் துளை, மட்கார்டெல்லாம் துளை.

"இதென்ன ஐயா?" என்றேன்.

"குங்குமம்லா சாமி. பிளேட்டுல செவப்பு கறுப்பாத்தான் விழும். கல்யாணப் படத்துல நெத்திப் பொட்டு கறுப்பா இருக்கதை நீங்க பாத்ததில்லியா?"

நான் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போய்க் கூடத்தில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் படத்துக்கு அடியில் நின்றேன். தினமும் அதன் கீழேதான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அவள் நெற்றியில் மிளகு வைத்தாற்போல ஒரு கறுப்புப் பொட்டு.

"இது எத்தனை நாளா கறுப்பா இருக்கு?" என்று கேட்டேன்.

"கல்யாணத்தன்னிலேர்ந்து" என்றாள்.

பன்னிரண்டு வருஷம். அந்தப் படத்தில் நான் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்கப் பேனாவை எடுத்துக்கொண்டு போனக்காட்டுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பிளேட்டின் இயல்பு, சிவப்பின் இயல்பு, வெள்ளிக்கிழமையின் மகிமை என்று நாலு பக்கம் எழுதினேன். எழுத எழுத ஓட்டைகள் பெரிதாகிக்கொண்டே போயின. நானே அந்த வண்டியை வாங்கமாட்டேன் என்ற நிலை வந்ததும் நிறுத்தினேன். மேடத்துக்கு இன்னும் எட்டு நாள்.

அவள் அந்த நாலு பக்கத்தையும் வாசித்தாள். மடித்து அடுப்படிக்குக் கொண்டு போனாள். ஒரு கார்டை எடுத்து அவளே எழுதினாள்:

"படத்தில் கறுப்பாக இருப்பது குங்குமம், ஓட்டை இல்லை. ஓட்டை மட்கார்டில் இருக்கிறது. சுண்ணாம்பு அடைத்திருப்பதால் தெரியாது. அகத்துக்காரர் சாய்ந்து நிற்கும் இடத்தில் பெரிய ஒடுக்கு. எஞ்சினுக்குக் குறைவில்லை, அதிகம் ஓட்டவில்லை. எங்கள் பசுவுக்குத் தொழுவம் வேண்டும். மேடம் பிறப்பதற்குள் எடுத்துக்கொண்டால் உபகாரம்."

"இதுல என்னை ஏன் இழுக்கறே?" என்றேன்.

"படத்துல நீங்கதானே நிக்கறேள்?"

கார்டும் படமும் சேர்ந்து போயின. ஆறாம் நாள் இரண்டு ஆட்களும் ஒரு ஜோடி மாடும் வந்து இறங்கின. சொன்ன பணத்தோடு ஒரு சீட்டும் இருந்தது. "அம்மாவின் கார்டு கிடைத்தது. வண்டி வேண்டும்." அம்மாவுக்கு என்று மேலே எழுதியிருந்தது. எனக்கென்று ஒரு வரி இல்லை. மாடுகள் மோட்டாரை இழுத்துக்கொண்டு கொல்லைச் சந்து முனையைத் தாண்டின. குங்குமம் இன்னும் அழியவில்லை.

மறுநாளே கரமனையிலிருந்து பசு வந்தது. தொழுவ வாசலில் நின்று உள்ளே மோந்தது. பெட்ரோல் வாசனை. காலைப் பின்னால் எடுத்துக்கொண்டு அவள் தோளில் முகத்தை வைத்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாத்தம் நீங்க கொண்டுவந்ததாக்கும்" என்றாள்.

மூன்று நாள் கச்சேரிக்கு லீவு போட்டேன். வயிற்றுவலி என்று எழுதிக்கொடுத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாணத்தைக் கரைத்து ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் பசு என்னை இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போய்ப் படுத்தது.

மறுநாள் காலையில் வழக்கம்போல ஜன்னல் பக்கம் போனேன். டம்ளர் இல்லை. பின்னாலிருந்து வளையல் சத்தம் கேட்டது. அவள் டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றாள். சூடாக இருந்தது, கெட்டிப் பால். ஒரு வாய் குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தாள். அவள் நெற்றியைப் பார்த்துக்கொண்டே முழுசையும் குடித்தேன். பொட்டு சிவப்பாக இருந்தது.