பூட்டிய தெருவில் வருகைப்பதிவு

சாலமன்ராஜுக்குச் சோறு போட்டது அவன் தொண்டைதான். நாரணாபுரம் தாண்டி உள்ளே போகும் அந்தச் சின்ன ஊரில் காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை, ஓட்டு கேட்பது, சாவு என்று எது நடந்தாலும் அவனுடைய மைக் செட்டு ஆட்டோ வந்து நின்றாக வேண்டும். சர்ச்சில் பாட்டுப் பாடி வளர்ந்த குரல். அதைப் பற்றி அவனுக்கே கொஞ்சம் கர்வமும் உண்டு. "ஒரு சொம்பு தண்ணி கேக்கதுக்கும் ஊருக்கே அறிவிக்கணுமாங்க?" என்று மனைவி ஞானஜோதி கேலி செய்வாள்.

கொரோனாவின் இரண்டாவது கோடையில் அந்தத் தொண்டைக்குப் புது வேலை வந்தது. பட்டாசு ஆபீஸ்கள் என்று அந்தப் பக்கம் சொல்லும் தொழிற்சாலைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. தெருவில் ஈ காக்கா இல்லை. காலையில் ஊரை ஒரு சுற்று சுற்றி வரும்படி பஞ்சாயத்தில் சொல்லியிருந்தார்கள். காய்ச்சல் முகாம் எங்கே, கபசுரக் குடிநீர் எப்போது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உள்ள அரிசி, பருப்பு, முட்டையை எந்தத் தெருக்காரர்கள் எந்த நாளில் வந்து வாங்க வேண்டும் என்றெல்லாம் அவன் சொல்லிக்கொண்டே போவான். பள்ளிக்கூடச் செய்தி எல்லாம் தலைமையாசிரியை ஜாஸ்பின் டீச்சரிடமிருந்து போனில் வரும். பஸ் ஓடாததால் அவர் விருதுநகரிலேயே மாட்டிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் டீச்சர் கேட்டார். "சாலமன் அண்ணே, ஒரு உதவி. அப்படியே பிள்ளைக பேரையும் வாசிச்சுட்டுப் போறீகளா?"

"லீவுல என்ன டீச்சர் அட்டெண்டன்ஸ்?"

"போன வருசம் பூரா பள்ளிக்கூடமே இல்ல. எந்தப் பிள்ளை வீட்டுல இருக்கு, எது எங்க போச்சுன்னே தெரியல. போன் இருக்க வீடு அஞ்சாறுதான். பேரக் கூப்பிட்டா, நம்மளையும் ஒருத்தர் தேடுறாகன்னு பிள்ளைக்குத் தோணும்ல?"

சரி என்று சொல்லிவிட்டான். ஆனால் போனை வைத்ததும் அவன் முகம் இருண்டதை ஞானஜோதி பார்த்தாள். காரணம் அவளுக்குத் தெரியும்.

ஊருக்கு மேற்கே, கரிசல் காட்டை ஒட்டி ஒரு ஷெட் நின்றது. பல வருஷத்துக்கு முன்னால் அங்கே பட்டாசு செய்துகொண்டிருந்தபோது தீப்பிடித்தது. ஓட முடிந்தவர்கள் காட்டுக்குள் ஓடினார்கள். யார் தப்பித்தார், யார் உள்ளே மாட்டிக்கொண்டார் என்று சாயங்காலம் வரை தெரியவில்லை. அப்போது மீசை அரும்பிக்கொண்டிருந்த சாலமன்ராஜின் கையில் கோயில் மைக்கைக் கொடுத்து, வேலைக்குப் போனவர்களின் பெயரை வாசிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு பெயராக வாசித்தான். சிலர் கருகிய துணியோடு காட்டிலிருந்து வந்து நின்றார்கள். சில பெயருக்கு யாரும் வரவில்லை. வராத பெயரையே அவன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான், யாரோ மெல்ல மைக்கை வாங்கிக்கொள்ளும் வரை. அதற்குப் பிறகு அவன் என்னென்னவோ அறிவித்திருக்கிறான். வரிசையாகப் பெயர் வாசித்ததே இல்லை. பள்ளி விளையாட்டு விழாவில் பரிசு வாங்குகிறவர்களின் பெயரைக்கூட வேறு ஆளை விட்டுத்தான் சொல்ல வைப்பான்.

முதல் நாள் காலை கீழத்தெருவில் ஆட்டோவை நிறுத்தி, முதல் பெயரை வாசித்தான். தெரு அசையவில்லை. சாத்திய கதவு ஒன்றின் பின்னாலிருந்து, "உள்ளேன் ஐயா" என்றது ஒரு குரல். அடுத்த பெயருக்கு அடுத்த கதவு. பிறகு ஒரு ஜன்னல். ஒரு முகமும் தெரியவில்லை. வெறும் தெரு, வெயில், கதவுகளுக்குள்ளிருந்து வரும் சின்னச் சின்னக் குரல்கள். பிள்ளைகள்தான் என்று தெரிந்தும் அவனுக்குப் புல்லரித்தது. சாலமன்ராஜ் பயந்தாங்கொள்ளி இல்லை. ஆனாலும் அன்றைக்கு அவன் ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை.

போகப் போகப் பழகிவிட்டது. குரலை வைத்தே பிள்ளையை அடையாளம் கண்டான். ஐந்தாம் வகுப்பு முத்துஸ்ரீ மட்டும், "உள்ளேன் அய்யாஆஆ" என்று இழுத்துவிட்டுக் கடைசியில் களுக்கென்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே அவள் பெயரைக் கொஞ்சம் கம்பீரமாக வாசிப்பான்.

ஒரு காலையில் அந்தக் கதவு பதில் சொல்லவில்லை. பூட்டு தொங்கியது. "ஆமத்தூர்ல மாமன் வீட்டுக்குப் போயிருக்காக" என்றது பக்கத்து வீட்டு ஜன்னல். பஸ்ஸும் கிடையாது, பாஸும் கிடையாது, எப்படிப் போனார்கள் என்று அவன் கேட்கவில்லை. ஆனால் பெயரை விட்டுவிட மனம் வராமல் தினமும் வாசித்தான்.

அப்படித்தான் ஒருநாள் மேலத்தெரு முடிந்து, ஆட்டோவைத் திருப்ப அந்தப் பழைய ஷெட் பக்கம் போனான். மைக் அணையவில்லை. பழக்க தோஷத்தில் அந்தப் பெயரை இன்னொரு தடவை சொன்னான்.

"முத்துஸ்ரீ."

ஷெட்டுக்குள்ளிருந்து வந்தது பதில். "உள்ளேன் அய்யாஆஆ."

சிரிப்பு வரவில்லை. யாரோ வாயைப் பொத்தியது போல அந்தக் குரல் பாதியில் நின்றது. கதவில் பெரிய பூட்டு. ஜன்னலில் தார்ப்பாய். ஆள் நடமாட்டமே கிடையாது. ஆட்டோவை எப்படித் திருப்பினான், எப்படி வீட்டுக்கு வந்தான் என்று அவனுக்கே தெரியாது.

"செத்தவுக பதில் சொல்லுதாக ஜோதி" என்றான். "அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சோ, அது குரல்லயே சொல்லுதாக."

ஞானஜோதி தண்ணீர் கொடுத்தாள். அவன் குடித்து முடித்ததும் கேட்டாள். "பூட்டு பழசா, புதுசா?"

"புதுசு. பளபளன்னு இருந்துச்சு."

"செத்தவுகளுக்கு எதுக்குங்க புதுப் பூட்டு?"

பேய்ப் பயம் போய், அதைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்தது. ஆபீஸ் எல்லாம் மூடியிருந்தாலும் தீபாவளி ஆர்டர் மூடுவதில்லை. உள்ளே ஆளை வைத்து வெளியே பூட்டிவிட்டால், ரோந்து வருகிறவர்கள் கண்ணுக்கு அது பாழடைந்த ஷெட். உள்ளே ஒரு பொறி தட்டினால் கதவைத் திறக்க யாரும் இல்லை.

உடனே திரும்பிப் போனான், ஞானஜோதியும் கூடவே ஏறிக்கொண்டாள். கதவடியில் குனிந்ததும் பட்டாசு மருந்தின் காரநெடி மூக்கில் ஏறியது. பூட்டை உடைக்கக் கல்லை எடுத்தான். "இரும்புல கல்லு பட்டாத் தீப்பொறி வராதா?" என்று ஞானஜோதி கையைப் பிடித்துக்கொண்டாள். கல்லைக் கீழே வைத்துவிட்டான். தன்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான் என்று அவனுக்குத் தோன்றியது. ஆட்டோ மேலிருந்த ஒலிபெருக்கிக் குழாயை ஊர்ப் பக்கம் திருப்பி வைத்து மைக்கை எடுத்தான்.

"முத்துஸ்ரீ. முத்துஸ்ரீ அம்மா பானுப்பிரியா. ஷெட்டுக்குள்ள இருக்க மத்தவுக பேரு எனக்குத் தெரியாது. இருக்கவுக எல்லாரும் சத்தம் குடுங்க."

உள்ளே யாரும் மூச்சுக் காட்டவில்லை. ஆனால் ஊரில் கதவுகள் திறந்தன. அந்த ஷெட் முன்னால் சாலமன்ராஜ் பெயர் வாசித்தால் என்ன அர்த்தம் என்று அந்த ஊருக்குத் தெரியும். முகக்கவசமும் முந்தானையுமாக ஜனங்கள் காட்டோரமாக வந்து நின்றார்கள். அவன் நிறுத்தாமல் வாசித்தான்.

கோட்டைச்சாமி பைக்கில் பறந்து வந்தான். ஷெட்டைக் குத்தகைக்கு எடுத்து வேலை நடத்துகிறவன் அவன்தான். ஊரில் நடக்கும் விசேஷத்துக்கெல்லாம் சாலமன்ராஜுக்கு வேலை பிடித்துக் கொடுக்கிறவனும் அவன்தான்.

"ஏலே, மைக்க அமத்துதியா, ஒடைக்கட்டுமா?"

"பூட்டத் தெறங்க அண்ணாச்சி. தெறக்கிற வரைக்கும் வாசிப்பேன்."

கோட்டைச்சாமி சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தான். சாவி அவன் சட்டைப்பையில்தான் இருந்தது.

உள்ளேயிருந்து பெண்களும் மூன்று பிள்ளைகளும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார்கள். அலுமினியப் பொடி ஒட்டிக் கைகள் முழங்கை வரை வெள்ளி பூசியது போல் மினுங்கின. உயிருள்ள மனுசர்கள் என்று நம்புவதற்கு அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பானுப்பிரியா நேரே அவனிடம் வந்தாள்.

"எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டீகளே. நல்லா இருப்பீகளா?"

சாலமன்ராஜ் மைக்கை அணைத்தான்.

அதிகாரிகள் வந்து, உள்ளே இருந்ததை அப்படியே வைத்து ஷெட்டுக்கு சீல் வைத்தார்கள். அழிக்க ஆள் பிறகு வருவார்கள் என்றார்கள். மறுநாளிலிருந்து முத்துஸ்ரீ வீட்டில் பூட்டு இல்லை, பதிலும் இல்லை. கதவுக்குப் பின்னால் பிள்ளை நிற்பது தெரியும், அவள் வாய் திறப்பதில்லை. இன்னும் சில கதவுகளும் ஊமையாகிவிட்டன. முதலில் கேட்ட அந்தப் பதில்களைவிட இந்த மௌனம் அவனை அதிகம் வதைத்தது. பசித்த வீட்டில் கை வைத்துவிட்டோமோ என்று சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து யோசிப்பான். "வாசிக்கறத மட்டும் விட்டுறாதீக அண்ணே" என்றார் டீச்சர். வாசித்தான்.

பிறகு ஒரு கோடை மழை பெய்தது. ஓட்டைக் கூரை வழியாகத் தண்ணீர் ஷெட்டில் கிடந்த மருந்துக்குள் இறங்கியிருக்க வேண்டும்; அலுமினியப் பொடி கலந்த மருந்து நனைந்தால் உள்ளுக்குள்ளேயே சூடேறும். மறுநாள் உச்சி வெயிலில் நிலம் அதிர்ந்தது. பாத்திரங்கள் உருண்டன. மேற்கே, சீல் வைத்த ஷெட் பக்கமிருந்து கறுப்பாகப் புகை எழுந்தது. அந்தப் பக்கத்தில் வெடிச்சத்தம் கேட்டால் முதலில் யாரும் அந்த இடத்தைப் பார்ப்பதில்லை. தெருவுக்கு ஓடி வந்து தன் வீட்டு ஆட்களின் பெயரைக் கத்துவார்கள். அன்றைக்கும் கத்தினார்கள். எல்லாப் பெயரும் ஒன்றோடொன்று மோதி ஒன்றும் விளங்கவில்லை.

சாலமன்ராஜுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஞானஜோதிதான் மைக்கை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

வாசித்தான். கூட்டத்திலிருந்து பிள்ளைகள் ஒவ்வொன்றாய், "உள்ளேன் ஐயா" என்றன. இப்போது முகங்கள் தெரிந்தன. முத்துஸ்ரீ பெயரையும் வாசித்தான்.

"உள்ளேன் அய்யாஆஆ." அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பானுப்பிரியா புகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிள்ளையை இழுத்துக்கொண்டு ஆட்டோவுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"என் பேரையும் வாசிங்க அண்ணே."

"பானுப்பிரியா."

"உள்ளேன் ஐயா" என்றாள். சொல்லிவிட்டு உடைந்து அழுதாள்.

அந்த ஷெட்டிலிருந்து வெளியே வந்த மற்றப் பெண்களும் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். அவர்கள் பெயர்களையும் சாலமன்ராஜ் ஒவ்வொன்றாக வாசித்தான். பதில் வராத பெயர் அன்றைக்கு ஒன்றுகூட இல்லை.